பத்து மார்க் சாட்சி

சபையில் ஜெபகுமாரை அணு விஞ்ஞானி என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். முதல் இரண்டு வருடம் அவர் திருத்திப் பார்த்தார். நான் டெக்னீஷியன் மட்டும்தான் பாஸ்டர் என்றார். பாஸ்டர் ராஜேந்திரன் அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டு, அணு விஞ்ஞானியின் தாழ்மையைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிரசங்கம் செய்தார். அதன் பிறகு ஜெபகுமார் திருத்துவதை விட்டுவிட்டார்.

கடற்கரையில் இருந்த அணு ஆராய்ச்சி மையத்தில் அவருக்கு வேலை. சுற்றியுள்ள குப்பங்களுக்குப் போய் மீன், பால், கடல்நீர் வாங்கி வருவார். மீனை எரித்துச் சாம்பலாக்கி, சாம்பலைத் தட்டில் பரப்பி, தட்டைக் கருவிக்குள் வைத்து, கதிர்வீச்சு எவ்வளவு என்று கருவி காட்டுகிற எண்ணை ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். மீன் விற்கிற குப்பம்மாவுக்கு இது பொறுக்காது. “நல்ல வஞ்சிரத்த வாங்கினு போயி எரிக்கிறியே, நல்லாத்தான் கீறியா நீ?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். அவர் காசைக் கொடுத்துவிட்டு மீனைப் பையில் போடுவார்.

ஜெபகுமாரும் மனைவி வசந்தாவும் தெற்கே நாசரேத் பக்கம். கோயில் மணி அடித்தால் போய், பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடி, வீட்டுக்கு வந்து சாப்பிடுகிற கிறிஸ்தவர்கள். 1991இல் அவருக்கு முதுகுவலி வந்தது. டாக்டர் பதினைந்து நாள் ஓய்வெடுக்கச் சொன்னார். பதினான்காம் நாள் யாரோ பாஸ்டர் ராஜேந்திரனை அழைத்து வந்தார்கள். அவர் முதுகில் கைவைத்து ஜெபித்தார். மறுநாள் வலி போய்விட்டது. மூன்றாம் வாரம் குடும்பம் வெள்ளை உடுத்தி, நகைகளைக் கழற்றி, சபையில் சேர்ந்தது.

பாஸ்டர் மதுராந்தகத்துக்காரர். இரட்சிக்கப்படுவதற்கு முன் பஸ் கண்டக்டர். சபை, திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு போகிற சாலையோரத்தில், கூரைத் தகடு போட்ட ஒரு நீளக் கொட்டகை. கூட்டம் வாசலில் தேங்கினால் மைக்கிலேயே, “உள்ள ஏறிப் போங்க, நடுவுல எடம் கீது” என்பார். போவார்கள்.

ஞானஸ்நானம் மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலில் நடந்தது. பாஸ்டர் ஜெபகுமாரை முழுக்குகிற நேரத்தில் ஓர் அலை வந்து பாஸ்டரையும் சேர்த்து முழுக்கியது. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர்கள் இரண்டு பேர் ஓடிவந்து முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்கள். அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில், இரண்டு பேர் எங்களைத் தூக்கினார்கள் என்றார் பாஸ்டர். அடுத்த வருடம் அந்த இரண்டு பேரை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை என்று ஆனது. 1994இல் அவர்கள் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். அவர்களில் ஒருவரை ஜெபகுமார் மாதத்துக்கு இரண்டு முறை பார்ப்பார், கடல்நீர் எடுக்கப் போகும்போது. கட்டம் போட்ட லுங்கி. சாட்சியின்போது ஜெபகுமாரும் மற்றவர்களோடு ஸ்தோத்திரம் சொன்னார்.

1996இல் பாஸ்டர் பரிணாமத்துக்கு எதிராக ஒரு சட்டம் கொண்டுவந்தார். பிளஸ் டூ விலங்கியல் தாளில் பரிணாமத்திலிருந்து ஒரு பத்து மார்க் கேள்வி பெரும்பாலும் வரும். விசுவாசிகளின் பிள்ளைகள் அதற்கு விடை எழுதக் கூடாது. கேள்வியின் எண்ணை மட்டும் எழுதி, கீழே ஒன்றரைப் பக்கத்தை வெறுமையாக விட வேண்டும். அந்த வெற்றிடம்தான் சாட்சி. திருத்துகிற ஆசிரியர் அதைப் பார்த்துச் சிந்திப்பார், மனந்திரும்பவும் கூடும். இதுவரை எந்த ஆசிரியரும் மனந்திரும்பியதாகத் தகவல் இல்லை. பூஜ்யம் போட்டார்கள் என்பதற்குத் தகவல் உண்டு.

2000இல் அப்படிப் பக்கத்தை விட்ட ரஞ்சிதா என்ற பெண்ணுக்கு டாக்டர் சீட் அரை மார்க்கில் போனது. சபை எழுந்து நின்று கைதட்டியது. ரஞ்சிதா இப்போது சபையின் மாதப் பத்திரிகைக்கு டைப் அடிக்கிறாள்.

ஜெபகுமாரின் மகள் அனு அப்போது பத்தாவது. அவளும் டாக்டர் ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெபகுமாரும் கைதட்டினார். தட்டும்போது, இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது என்று நினைத்தார். அதற்கு முன்பே உலகம் முடிந்து கர்த்தருடைய வருகை இருக்கும் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார்.

முதல் சந்தேகம் கழுகினால் வந்தது. திருக்கழுக்குன்றம் மலைமேல் தினமும் மதியம் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் சோறு வாங்கித் தின்னும். சாபம் பெற்ற முனிவர்கள் என்பார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அவை வருவது நின்றுபோனது. சபையில் பெரிய சந்தோஷம். மலைக்கு எதிராக நாங்கள் இருபத்தொரு நாள் உபவாச ஜெபம் செய்தோம், இருபத்திரண்டாம் நாள் பறவை வரவில்லை என்று பாஸ்டர் சாட்சி சொன்னார்.

ஜெபகுமாரோடு அதே ஆய்வகத்தில் வேலை செய்த பக்தவச்சலத்துக்கு வீடு மலையடிவாரத்தில். ஜெபகுமார் அவரிடம் சாதாரணமாக விசாரித்தார். பறவை நின்ற நாளை பக்தவச்சலம் சரியாகச் சொன்னார், அன்றைக்கு அவருடைய மச்சினிக்கு நிச்சயதார்த்தம். உபவாசம் தொடங்குவதற்கு ஏழு வாரம் முன்பு.

“கலி முத்திப்போச்சு ஜெபகுமார். அதான் வர்றதில்ல” என்றார் பக்தவச்சலம். “எங்க ஊரு ஜனங்க பண்ற பாவம் அப்படி.”

ஆக மலைமேல் ஒரு காரணம் இருந்தது, சாலையோரத்தில் ஒரு காரணம் இருந்தது. அந்தப் பறவைகள் எங்கே போயின என்று இரண்டு பக்கமும் யாரும் கேட்கவில்லை. ஜெபகுமார் ஏழு வாரக் கணக்கைப் பாஸ்டரிடம் சொன்னார். ஜெபிக்கப் போகிறோம் என்று தெரிந்ததுமே பிசாசுகள் ஓடியிருக்கும் என்றார் பாஸ்டர். ஜெபகுமார் தலையாட்டினார். ஆனால் அன்றிலிருந்து அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது.

ஆய்வகத்தில் மீன் சாம்பலை எண்ணுவதற்கு முன்னால் வெறும் தட்டை எண்ண வேண்டும். வெறும் தட்டும் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். காற்றிலும் சுவரிலும் இயல்பாகவே உள்ள கதிர்வீச்சு அது. அதைக் கழிக்காவிட்டால் உலகத்தில் எல்லா மீனும் ஆபத்தான மீன். பத்துப் பன்னிரண்டு வருடமாக அவர் கை தானாகச் செய்கிற வேலை இது. இப்போது அது ஞாயிற்றுக்கிழமையும் தொடர்ந்தது. சகோதரி ஒருத்தி, ஜெபித்து மூன்று நாளில் காய்ச்சல் விட்டது என்றாள். அதே வாரம் ஆய்வகத்தில் மூன்று பேருக்குக் காய்ச்சல் வந்திருந்தது. யாரும் ஜெபிக்காமலேயே மூன்று நாளில் விட்டது. ஒரு சகோதரர் கர்ப்பிணி மனைவிக்கு ஆண் பிள்ளை கேட்டு ஜெபித்துப் பெற்றார். கேட்டும் பெண் பிள்ளை பெற்றவர்கள் சாட்சி சொல்ல எழுந்திருக்கவில்லை. வெறும் தட்டைக் கழித்தால் மிஞ்சுவது என்ன என்று பார்த்துக்கொண்டே வந்தார். தன்னுடைய முதுகுவலி வரைக்கும் வந்து, அங்கே நிறுத்திக்கொண்டார்.

2002 டிசம்பரில் சபை வாலிபர் முகாம் மாமல்லபுரத்தில் ஒரு வாடகை மண்டபத்தில் நடந்தது. அனு அப்போது பிளஸ் டூ. மார்ச்சில் பரீட்சை. பிள்ளைகள் தயங்காமல் பக்கத்தை வெறுமையாக விடுவதற்குப் பலம் தேவை என்று பாஸ்டர் முடிவு செய்தார். பூமிக்கு வயது ஆறாயிரம் வருடம்தான் என்று சகோதரர் ஜெபகுமார் விஞ்ஞான ரீதியாக நிரூபிப்பார் என்று நோட்டீஸ் அடித்துவிட்டார். தயாரிப்புக்கு ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்தார்.

அதில் இருந்த முக்கிய ஆதாரம் ஒரு நத்தை. உயிரோடு இருந்த நத்தையின் ஓட்டை, வயதைக் கணக்கிடுகிற கார்பன் முறையில் சோதித்தார்களாம். அது செத்து இரண்டாயிரம் வருடம் ஆகிவிட்டது என்று முடிவு வந்ததாம். விஞ்ஞானிகளே எழுதிய கட்டுரை என்று பத்திரிகை, வருடம், பக்க எண் எல்லாம் போட்டிருந்தது. ஜெபகுமாருக்குப் பிடித்திருந்தது. அதை அப்படியே படித்துவிட்டு இறங்கியிருந்தால் அவர் இன்றைக்கும் விசுவாசி. ஆனால் எண் என்று ஒன்று இருந்தால் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. மையத்தின் நூலகத்துக்குப் போய் அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்தார்.

நத்தை இருந்தது. இரண்டாயிரமும் இருந்தது. அடுத்த வாக்கியமும் இருந்தது. சுண்ணாம்புப் பாறை கரைந்த தண்ணீரில் வாழ்கிற நத்தை, அந்தப் பாறையின் பழைய கார்பனை எடுத்து ஓடு கட்டுகிறது, அதனால் இப்படிப்பட்ட ஓடுகளில் இந்த முறை ஏமாற்றும், எவ்வளவு ஏமாற்றும் என்று கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனை என்று எழுதியிருந்தது. பிரசுரம் எழுதியவர் அதற்கு ஒரு வரி முன்னால் கத்தரித்திருந்தார்.

ஜெபகுமார் அந்த வாக்கியத்தை முழுவதுமாக ஒரு தாளில் எழுதிக்கொண்டார். ஆய்வகத்தில் ஒரு வரியை விட்டு ரிஜிஸ்டர் எழுதினால் மெமோ வரும்.

பிறகு ஆய்வகத்துக்குத் திரும்பி, தன்னுடைய பழைய ரிஜிஸ்டர்களை எடுத்தார். கருவி சரியாக எண்ணுகிறதா என்று சோதிக்க, கதிர்வீச்சு வெளியிடுகிற ஒரு சீசியம் வில்லை உண்டு. 1986இல் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அதன் கணக்கு நூறு என்றால், இப்போது அறுபத்தொன்பது. வருடா வருடம் எவ்வளவு குறையும் என்று அட்டவணை சொல்லும். வருடா வருடம் அவ்வளவுதான் குறைந்திருந்தது. பதினாறு வருடமும் கீழே ஜெபகுமாரின் கையெழுத்து. பாறையின் வயதைக் கணக்கிடுகிறவர்களும் இப்படிக் குறைகிற ஒன்றைத்தான் எண்ணுகிறார்கள். அவர்கள் பொய் என்றால் தன் கையெழுத்தும் பொய். அவருக்கு நாற்பத்திரண்டு வயது. வாழ்க்கையில் அவர் நிச்சயமாகச் செய்த காரியம் அந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

முகாமில் எழுபது வாலிபர்கள். மூன்றாம் வரிசையில் வசந்தாவும் அனுவும். ஜெபகுமார் தாளைப் பார்த்து நிதானமாகப் பேசினார். பிரசுரத்தில் பாதி வாக்கியம்தான் இருக்கிறது என்றார். ஸ்தோத்திரம் என்றது மண்டபம். முழு வாக்கியத்தையும் படித்தார். ஆமென் என்றார்கள். சீசியம் வில்லையைப் பற்றிச் சொன்னார். முன்வரிசையில் ஒரு பையன் கண்ணை மூடிக் கைகளை உயர்த்தினான். இந்த வெளியே இருக்கிற பாறை, குகையைக் குடைந்திருக்கிறார்களே அந்தப் பாறை, ஆறாயிரம் வருடம் இல்லை, இருநூறு கோடி வருடத்துக்கும் மேலே என்றார். அல்லேலூயா என்று கூரை அதிர்ந்தது. எல்லாருக்கும் அவருடைய குரல் ஏறி இறங்கிய இடங்கள்தான் கேட்டன. மூச்சு விடுவதற்காக அவர் நிறுத்திய ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஆமென் விழுந்தது.

வசந்தா மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பாஸ்டரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து வந்து ஜெபகுமாரைத் தழுவிக்கொண்டு, விஞ்ஞானம் இன்று வெட்கப்பட்டுப் போனது என்று மைக்கில் அறிவித்து, கண்ணை மூடச் சொல்லி ஜெபத்தில் முடித்தார். முடிந்ததும் பதினான்கு பிள்ளைகள் முன்னால் வந்து பக்கத்தை வெறுமையாக விடுவதாகப் பொருத்தனை செய்தார்கள். அனு எழுந்திருக்கவில்லை. அவளுக்குக் கால் மரத்துப்போய்விட்டது என்று வசந்தா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அன்று பூராவும் அதைச் சொன்னதற்காக வருத்தப்பட்டாள்.

பொங்கல் கழிந்து பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். வசந்தா காபி கொடுத்தாள். அனு உள்ளே படித்துக்கொண்டிருந்தாள்.

“பிரதர், அங்க நீங்க பேசுனது யாருக்கும் பிரியல. எனக்குப் பிரிஞ்சிச்சி. பரவால்ல, அத வுடுங்க” என்றார். “பாப்பா மேட்டருக்கு வரேன். சபைக்குன்னு சொந்தமா ஒரு டாக்டர் வேணும். ரஞ்சிதா போச்சு. இதுவும் போச்சின்னா நல்லால்ல.”

ஜெபகுமார் மகள் இருந்த அறைப் பக்கம் பார்த்தார்.

“பாப்பா எழுதட்டும். பத்து மார்க்க ஏன் வுடணும்? சபைல எந்திரிச்சி, எழுதலன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சி போச்சு. பேப்பர எவன் பிரிச்சிப் பாக்கப் போறான்?”

வசந்தா தட்டைக் கீழே வைத்தாள். “பொய் சொல்லச் சொல்லுதீங்களா ஐயா?”

“பொய் இல்ல சிஸ்டர். பலவீனமான விசுவாசிங்க இடறிடக் கூடாது, அதுக்குத்தான்.”

“ரஞ்சிதாகிட்ட ஏன் இதைச் சொல்லல?”

பாஸ்டர் காபியைக் குடித்து முடித்தார். “அந்தப் பொண்ணு கேக்கலியே” என்றார்.

அவர் போனபிறகு வசந்தா வெகுநேரம் டம்ளரைக் கழுவினாள். பூமியின் வயது பற்றி அவளுக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. ஆறாயிரம்தான். ஆனால் பொய் சொல்லக் கூடாது என்பதையும் அவள் அதே புத்தகத்தில்தான் படித்திருந்தாள்.

“அவ எழுதட்டும், எழுதினேன்னு சொல்லட்டும்” என்றாள் கணவரிடம். “இல்ல, விடட்டும், விட்டேன்னு சொல்லட்டும். ரெண்டுல ஒண்ணு. எதுன்னு நீங்க சொல்லுங்க. அவ உங்க முகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருக்கா.”

ஜெபகுமார் உள்ளே போய் மகளுக்கு எதிரே உட்கார்ந்தார். அந்தப் பாடம் எது என்று கேட்டார். அனு கொஞ்சம் யோசித்து, கட்டிலுக்கு அடியிலிருந்து விலங்கியல் புத்தகத்தை எடுத்தாள். புத்தகத்தில் அந்தப் பாடம்தான் அதிகம் அழுக்காகியிருந்தது. அவள் அதை முழுவதும் படித்து முடித்திருந்தாள். அவர் வாசித்தார், புரியாத இடத்தில் கேட்டார், அவள் விளக்கினாள். நாம் குரங்கிலிருந்து வந்தோம் என்று எங்கே போட்டிருக்கிறது என்று தேடினார். அப்படி எங்கேயும் போடவில்லை. இரண்டுக்கும் பொதுவான மூதாதை ஒன்று என்றுதான் போட்டிருக்கிறது, அதைக்கூடப் பார்க்காமலா இவ்வளவு நாள் திட்டினீர்கள் என்று அனு கேட்டாள். பிப்ரவரி முழுவதும் இருவரும் அந்தப் பாடத்தைப் படித்தார்கள். குதிரையின் கால் விரல்கள் குறைந்துகொண்டே வந்த படத்தை அவரே தன் கையால் இரண்டு தடவை வரைந்து பார்த்தார்.

பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்காகச் சபையில் ஆள் மாற்றி ஆள் ஜெபிக்கிற நாற்பது நாள் ஜெபச் சங்கிலி ஓடியது. மார்ச்சில் பரீட்சை வந்தது. தாளில் பரிணாமக் கேள்வி வரவில்லை. பத்து மார்க்குக்குச் சிறுநீரகம் வந்தது.

அனு வீட்டுக்கு வந்து புத்தகத்தைக் கட்டிலில் எறிந்தாள்.

அடுத்த ஞாயிறு கொட்டகையில் நிற்க இடமில்லை. நாற்பது நாள் ஜெபத்துக்கு இரங்கி, தமிழ்நாடு முழுவதற்கும் கர்த்தர் கேள்வித்தாளையே மாற்றிவிட்டார் என்றார் பாஸ்டர். பரீட்சை எழுதிய பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து நன்றி சொன்னார்கள். ஜெபகுமார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. எழுதினாளா விட்டாளா என்ற கேள்வியே இல்லை. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும், வசந்தாவுக்குச் சபை இருக்கும், அவருக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம் இருக்கும். பாஸ்டர் அனுவைப் பார்த்துச் சிரித்து, எழுந்திரும்மா என்றார்.

அனு எழுந்தாள். “நான் அந்தப் பாடத்தை நல்லாப் படிச்சிருந்தேன். வந்திருந்தா எழுதியிருப்பேன். வரலன்னு எனக்கு வருத்தம்.”

பாஸ்டரின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. அவர் அனுவை விட்டுவிட்டு ஜெபகுமாரைப் பார்த்தார்.

“சின்னப் புள்ள, தெரியாம பேசுது. நீங்க சொல்லுங்க பிரதர்.”

ஜெபகுமார் எழுந்தார். இந்த முறை கையில் தாள் இல்லை. மூச்சு விடுகிற அளவுக்கு நீளமான வாக்கியமும் இல்லை.

“தெரிஞ்சுதான் பேசுது. ரெண்டு பேரும் சேந்துதான் படிச்சோம்.”

“அத நீங்க நம்புறீங்களா?”

“நம்பறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல பாஸ்டர். புரிஞ்சுது.”

பாஸ்டர் ஒரு பாட்டை ஆரம்பித்தார். ஜெபகுமாரும் அனுவும் முழங்கால்களைத் தாண்டித் தாண்டி வாசலுக்கு வந்தார்கள். கூட்டத்தில் வெளியே போகிறவர்களுக்கு வழி விட்டு யாருக்கும் பழக்கமில்லை. வசந்தா கடைசிப் பாட்டு வரை இருந்து, காணிக்கை போட்டு, ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு ஒரு மணிக்கு வந்தாள். அடுத்த மாதப் பத்திரிகையில், விசுவாசத்தை விட்டுப் பின்மாறிப்போனவர்கள் பட்டியலில் இரண்டு பெயர் சேர்ந்தது. டைப் அடித்தது ரஞ்சிதா. அனுவின் பெயருக்கு முன்னால் ‘சகோதரி’ என்பதை எடுக்க மறந்துவிட்டாள், அல்லது எடுக்கவில்லை.

அனுவுக்கு டாக்டர் சீட் ஒன்றேகால் மார்க்கில் போனது. விலங்கியலில் அவள் குறையவே இல்லை. இயற்பியலில் குறைந்திருந்தது. இயற்பியலைப் பற்றிச் சபைக்கு எந்த ஆட்சேபணையும் இருந்ததில்லை. இருந்தாலும் இது தண்டனை என்று சபை கண்டுகொண்டது. அனு நுண்ணுயிரியல் படித்து, சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

வசந்தா சபையை விடவில்லை. விடச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன செய்வது என்று ஜெபகுமாருக்கு முதல் சில மாதம் தெரியவில்லை. ஒன்பது மணிக்கு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார். பிறகு சமைக்கக் கற்றுக்கொண்டார். 2007 வாக்கில் அவருடைய குழம்பு சாப்பிடும்படி இருந்தது. வசந்தா வந்ததும் இருவரும் சாப்பிட உட்காருவார்கள். அவருக்காக ஒவ்வொரு வாரமும் அங்கே ஜெபம் உண்டு. அவள்தான் கேட்டு வாங்கியிருந்தாள். அதைப் பற்றி விசாரிப்பது அவருக்கு ஒரு வழக்கமாகிவிட்டது.

“இன்னைக்கு எனக்கு ஜெபம் நடந்துச்சா?”

“நடந்துச்சு. பாஸ்டரோட ஸ்கூட்டருக்கு அப்புறம்.”

“ஸ்கூட்டர் சரியாயிட்டா?”

“ஆயிட்டு. நேத்து மெக்கானிக் வந்து பாத்துட்டுப் போனான்” என்றாள் வசந்தா. சோற்றைப் பிசைந்த கை ஒரு கணம் நின்றது. பிறகு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னாள்.